முன்பக்கம், பின்பக்கம்

படிவத்தில் ஒரு மனிதன் அச்சடிக்கப்பட்டிருக்கிறான்.
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
முகமில்லை. ஆணா பெண்ணா தெரியாது.
இரண்டு கையையும் விரித்து
என்னிடம் ஒன்றுமில்லை என்பதுபோல நிற்கிறான்.
காயங்களை அவன்மேல்தான் குறிக்க வேண்டும்.

பாசையூர் றெஜினோல்ட், வயது முப்பத்தொன்று, கடற்தொழில்.
கதிரை நுனியில் இருந்தார்,
பாதம் நிலத்தில் முட்டாதபடி.
வாசலில் ஒருவர் ஹெல்மெற்றைக் கழற்றாமல் நின்றார்.
"சொந்தக்காரன்" என்றார், யாரும் கேட்காமலே.

டொக்டர் குருநாகல் பிள்ளை, வந்து நாலு மாதம்.
'நோகுதா', 'மூச்சை இழுங்கோ',
தமிழ் அவ்வளவுதான். மிச்சத்துக்கு நான்.
இருபத்திரண்டு வருஷம் இந்த அறையில்
நோவை ஒரு கரையில் ஏற்றி
மறுகரையில் இறக்குகிறவள்.

மணிக்கட்டில் என்ன?
"வலைக்கயிறு இழுத்தது."
டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.
வலைக்கயிறு உள்ளங்கையைத் தின்னும்,
மணிக்கட்டுக்குக் காப்புப் போடாது.
குருநாகலில் கடலில்லை. ஆனாலும் விளங்கிவிட்டது.

முதுகில்?
"விழுந்தனான்."
எங்கே?
"கிணத்தடியில."
எத்தனை தரம் விழுந்தவர் என்று கேளுங்கோ.
கேட்டேன். றெஜினோல்ட் வாசலைப் பார்த்தார்.
எஸ்லோன் பைப் அகலத்தில் பதினொரு கோடு,
ஒன்றையொன்று வெட்டாமல்,
யாரோ பொறுமையாய் அடிமட்டம் வைத்ததுபோல.

இடது சுண்டுவிரல்: நகம் இல்லை.
முழங்கை மயிரில் கோதுமை மாப் பசை,
நாலு நாளாகியும் உதிரவில்லை.
அது காயமில்லை. குறிக்கவில்லை.
அந்தப் பசையை எனக்குத் தெரியும்.
என் மதிலிலும் ஒட்டியிருந்தார்கள்,
எதிர்க்கட்சி வேட்பாளரின் சிரிப்பை.
விடியமுதல் தண்ணீர் ஊற்றிச் சுரண்டினேன்.
பாதிச் சிரிப்பு வர மறுத்தது.

பிறகு டொக்டர் குனிந்து
அவருடைய செருப்பைத் தானே கழற்றினார்.
பார்த்தார். படத்தைப் பார்த்தார்.
முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.
நிற்கிற மனிதனுக்கு உள்ளங்கால் தெரியாது.
அடித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.
படிவத்தின் ஓரத்தில், பேனையால்
இரண்டு பாதம் வரைந்தார்.
ஐந்து விரல். ஐந்து விரல்.
நடுவை நீலத்தால் நிரப்ப வெகுநேரம் எடுத்தார்.

ஹெல்மெற்காரருக்குப் போன் வந்தது. வெளியே போனார்.
யார் என்று கேளுங்கோ, கெதியாய்.
கேட்டேன்.
றெஜினோல்ட் டொக்டரைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்தார்.
"தமிழிலதான் கேட்டவங்கள், அக்கா.
எங்கட ஒழுங்கைப் பெடியள்.
அதில ஒருத்தனுக்கு நீந்தப் பழக்கினது நான்."

டொக்டர் பேனையை உயர்த்திக் காத்திருந்தார்.
அந்த ஒழுங்கையால்தான்
பின்னேரம் என் சைக்கிள் போக வேண்டும்.
"தெரியாதாம்" என்றேன்.
சிங்களத்தில் அது சின்னச் சொல்,
வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

மூன்று பிரதி, காபன் வைத்து.
மூன்றாவதில் பாதங்கள் விழவில்லை.

தேர்தலன்று பள்ளிக்கூட வரிசையில்
எனக்கு முன்னால் ஒருவர் விட்டு நின்றார்,
பாதத்தின் வெளிவிளிம்பில்,
ஆடுகிற வள்ளத்தில் நிற்பவர்போல.
மை பூசுகிறவர் சுண்டுவிரலைப் பிடித்தார்.
விட்டார். மேலதிகாரியைப் பார்த்தார்.
நகமில்லாவிட்டால் எங்கே பூசுவது?
மேலதிகாரி தாள்களைப் புரட்டினார்.
றெஜினோல்ட் அடுத்த விரலை நீட்டினார்.

என் பெயரைச் சத்தமாய் வாசித்தபோது
அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.
திரும்பித் தலையசைத்தார்,
ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒரு மனிசிக்கு
அசைப்பதுபோல. அவ்வளவுதான்.

தேசிக்காய் போட்டுத் தேய்த்தும்
என் விரலில் அந்த மை ஐந்து கிழமை கிடந்தது.
நகம் வளர வளர
மேலே ஏறி ஏறி.